முதல் தடவையே ஒத்துப்போன கணக்கு

போன மாதம் உங்களில் ஒரு பெண் எனக்கு ஒரு படம் காட்டினாள். கணக்கில் வந்த கோடு சிவப்பில், சோதனையில் கிடைத்த புள்ளிகள் நீலத்தில். அத்தனை புள்ளியும் கோட்டின் மேலேயே உட்கார்ந்திருந்தன. "எப்படி மேடம்?" என்றாள், முகமெல்லாம் சிரிப்பாக. "எத்தனையாவது தடவையில் இப்படி வந்தது?" என்று கேட்டேன். "முதல் தடவையே" என்றாள். நான் சட்டென்று எழுந்து போனதைப் பார்த்துக் கிழவிக்குப் பொறாமை என்று நினைத்திருப்பாள். பொறாமை இல்லை, கண்ணு. பயம். அந்தப் பயம் எங்கிருந்து வந்தது என்று உங்கள் எல்லோருக்கும் சொல்லிவிடுகிறேன்.

தொண்ணூறுகளின் கடைசி. விம்கோ நகரில் ஒரு பழைய ஷெட். வெளியே இருந்து பார்த்தால் குடோன் என்று நினைப்பீர்கள். உள்ளே ஒரு நீளக் குழாய். அழுத்தி வைத்த வாயுவை ஒரு முனையில் திறந்துவிட்டால், குழாய்க்குள் இருக்கும் உலோக வில்லை மறுமுனையில் பாய்ந்து ஒரு தகட்டில் மோதும். ஷெட் ஆட்கள் அதற்கு வைத்த பெயர் பீரங்கி. அடி விழும் பக்கத்தைப் பற்றி எங்களுக்குக் கவலையில்லை. தகட்டின் பின்பக்கம்தான் எங்கள் பிழைப்பு. அதிர்ச்சி தகட்டுக்குள் ஓடிப் பின்பக்கத்தை எட்டும்போது அந்தப் பரப்பிலிருந்து உலோகமே தூளாகப் பீய்ச்சியடிக்கும். எவ்வளவு தூள், எவ்வளவு வேகம் என்று கம்ப்யூட்டரில் முன்கூட்டியே சொல்வது என் வேலை.

உங்களுக்கு இதெல்லாம் பாடம். எங்களுக்கு அப்போது பாதி தெரியும், பாதி தெரியாது. பரப்பு வழுவழுப்பாக இருந்தால் தூள் கொஞ்சம்தான். லேத்தில் கடைந்த தகட்டில் டூல் ஓடின வரிகள் இருக்குமே, அந்த ஒவ்வொரு வரியிலிருந்தும் உலோகம் இழையாகப் பிதுங்கும். சப்பாத்தி மாவை உள்ளங்கையில் வைத்து இறுக்கினால் விரலிடுக்கில் பிதுங்குகிற மாதிரிதான். வேகம் மட்டும் துப்பாக்கிக் குண்டைத் தோற்கடிக்கும்.

தகடு ஓர் இரும்புப் பெட்டிக்குள் இருக்கும். பெட்டியில் ஒரு தடித்த கண்ணாடி ஜன்னல், ஜன்னலுக்கு வெளியே கேமரா. இப்போது எல்லாம் பட்டன். அப்போது ஷெட்டின் கதவு ஜன்னலை எல்லாம் தார்ப்பாய் போட்டு மூடி இருட்டாக்கிவிட்டு, ஓர் ஆள் கேமராவின் ஷட்டரைக் கையால் திறந்து பிடித்துக்கொள்ள வேண்டும். மோதும் கணத்தில் மின்னுகிற ஃபிளாஷில் படம் விழும். அந்த ஆள் ஏழுமலை. வியாசர்பாடியில் நாங்கள் இருந்த ஹவுசிங் போர்டு பிளாக்கில் மூன்றாம் மாடி. நான் இரண்டாம் மாடி. என்னைவிட நாலு வயது சின்னவன். ஐ.டி.ஐ. முடித்துவிட்டுச் சும்மா இருந்தவனை ஷெட்டில் சேர்த்துவிட்டதே நான்தான். ஜன்னலுக்கு ஒரு முழத் தூரத்தில் ஒரு மர ஸ்டூலில் உட்கார்ந்து, கேமராவை மடியில் வைத்த குழந்தை மாதிரி அணைத்துக்கொண்டிருப்பான்.

ஆகவே அந்தத் தூள் கண்ணாடியை உடைக்குமா உடைக்காதா என்பதுதான் கேள்வி. உடைக்காது என்று நான் கணக்குப் போட்டுச் சொன்னால் ஏழுமலை ஸ்டூலில் உட்காருவான். உடைக்கும் என்றால் கேமராவைத் தள்ளி வைத்து, நடுவில் முகம் பார்க்கும் கண்ணாடி ஒன்றைச் சாய்வாக வைத்துப் படம் எடுக்க வேண்டும். அதற்கு ஒரு மாதம் ஆகும். மேனேஜருக்கு அந்த ஒரு மாதம் கிடையாது.

முதல் சோதனை ஒரு திங்கட்கிழமை. வெள்ளீயத் தகடு. நம் அம்மாக்கள் பாத்திரத்துக்குப் பூசச் சொல்வார்களே, அதே ஈயம்தான். பீரங்கி வெடித்தது, கண்ணாடிக்கு ஒன்றும் ஆகவில்லை, படம் வந்தது. படத்தில் இருந்த தூளையும் என் கணக்கில் வந்த தூளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தோம். அடேயப்பா! ஒட்டிப் பிறந்த இரட்டை. மேனேஜர் தண்டையார்பேட்டைக்கு ஆள் அனுப்பி ஜாங்கிரி வாங்கி வரச் சொன்னார். அடுத்த சோதனை சனிக்கிழமை என்றும், அதற்குள் "கண்ணாடி தாங்கும்" என்று நான் ஒரு தாளில் எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும் என்றும் சொன்னார். இந்தச் சோதனைகள் நல்லபடியாக முடிந்தால் ஏழுமலையைப் பர்மனெண்ட் ஆக்கிவிடலாம் என்று எல்லோர் முன்னாலும் சொன்னார். அவன் சிரித்த சிரிப்பு இன்னும் எனக்கு ஞாபகம் இருக்கிறது.

எனக்கு ஜாங்கிரி இறங்கவில்லை. என் சுபாவம் அப்படி. ஷெட்டில் என் முதுகுக்குப் பின்னால் என்னைப் போலீஸ்காரம்மா என்பார்கள். மீன்காரி தராசைத் தூக்கினால் தட்டுக்கு அடியில் குனிந்து பார்க்கிற ஜாதி நான். அதுவரை நான் போட்ட எந்தக் கணக்கும் முதல் தடவையில் சோதனையோடு ஒத்துப்போனதில்லை. பத்து தடவை முட்டி மோதி, எங்கே தப்பு என்று தேடி, அப்புறம்தான் கிட்டே வரும். இது மட்டும் எப்படி, வெற்றிலை பாக்கு வைத்து அழைத்த மாதிரி வந்து உட்கார்ந்தது?

யாரோ ஏதோ செய்திருக்கிறார்கள் என்று மனது சொல்லிவிட்டது. யார் என்று தேடினேன். இங்கேதான் என் முதல் தப்பு. கவனியுங்கள்: "என்ன" என்று தேடவில்லை, "யார்" என்று தேடினேன்.

செவ்வாய்க்கிழமை ஏழுமலையைத் தனியாகக் கூப்பிட்டேன். அவன் பிரிண்ட் ஒன்றே ஒன்றுதான் கொடுத்திருந்தான். மற்றதெல்லாம் எங்கே என்று கேட்டேன்.

"இன்னா யக்கா? ஒரு அடிக்கு ஒரு படந்தான் விழும். உனுக்குத் தெரியாதா?"

"நெகட்டிவைக் கொண்டா."

"எதுக்கு?"

"கொண்டாடான்னா கொண்டா."

கொண்டுவந்தான். நான் அதை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து, ஓரம் வெட்டியிருக்கிறதா என்று பார்த்தேன். அவன் பார்த்துக்கொண்டே நின்றான்.

"இன்னா பாக்கற? நா படத்த மாத்திக்கீறேன்னு சொல்றியா?"

"பர்மனெண்ட்னு சொன்னதும் ஆசை வந்திருக்கும். மேனேஜர் ஏதாவது சொல்லித் தந்தாரா?"

அதைச் சொல்லியிருக்கக் கூடாது. சொல்லிவிட்டேன். ஏழுமலையின் முகம் சுண்டிப்போயிற்று.

"யக்கா, எங்க வூட்ல சோறு இல்லாம கெடந்திருக்கோம். திருட்டுத்தனம் பண்ணது கெடியாது. நீ படிச்சவ, கேக்கற. வேற எவனாவது கேட்டிருந்தான்னு வையி, பேஜாராயிருக்கும்." நெகட்டிவை என் மேஜையில் வைத்துவிட்டுப் போய்விட்டான்.

அதோடு நிறுத்தினேனா? புதன்கிழமை மேனேஜர் பக்கம் திரும்பினேன். அவர் இல்லாத நேரத்தில் அவருடைய ஃபைலைப் புரட்டினேன். சோதனை அறிக்கையில் எண்ணைத் திருத்தியிருப்பாரோ என்று வெள்ளை மை தடவின இடம் தேடினேன். ஒன்றும் இல்லை. மறுபடி ஏழுமலையைப் பிடித்து, ஃபிலிமை யார் கழுவினார்கள், எந்த நேரத்தில் கழுவினார்கள் என்று விசாரணை. அவன் ஒற்றை வார்த்தையில் பதில் சொன்னான். "நான்தான்." "மத்தியானம்." அவ்வளவு.

வியாழக்கிழமை காலை அடிபம்பில் தண்ணீர் பிடிக்க நின்றேன். எனக்கு முன்னால் ஏழுமலையின் அம்மா. குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு கேட்டாள்: "இன்னாம்மா, புள்ள ரெண்டு நாளா மூஞ்சத் தூக்கி வச்சிகினு கீறான். அங்க இன்னாமோ வெடிக்குதாமே? ஒண்ணும் ஆவாதுல்ல?" ஒன்றும் ஆகாது என்று சொன்னேன். எதை வைத்து அப்படிச் சொன்னேன்? நானே நம்பாத ஒரு கணக்கை வைத்து.

அன்றைக்குத்தான் முதன்முறையாக என் கணக்கையே திறந்து பார்த்தேன். பத்து நிமிஷம்கூட ஆகவில்லை. வெட்கக்கேடு! தகட்டைச் சின்னச் சின்னக் கட்டங்களாகப் பிரித்துத்தானே கம்ப்யூட்டர் கணக்குப் போடும்? வரைபடத்தில் சொன்னபடி டூல் வரிகளை நான் கொடுத்திருந்தேன். ஆனால் என் கட்டம் ஒவ்வொன்றும் அந்த வரியைவிடப் பெரிசு. மீனைவிடக் கண் பெரிசாக இருக்கிற வலையில் மீன் எங்கே சிக்கும்? வரியெல்லாம் காணாமல் போய், கம்ப்யூட்டர் ஒரு வழுவழுத் தகட்டுக்குக் கணக்குப் போட்டிருந்தது. ஊரில் இருக்கிற முதுகை எல்லாம் பார்த்தேன், என் முதுகு எனக்குத் தெரியவில்லை.

கட்டத்தைச் சின்னதாக்கி, தகட்டில் ஒரு துண்டுக்கு மட்டும் மறுபடி ஓடவிட்டேன். ஒன்றரை நாள் ஓடியது. வெள்ளிக்கிழமை சாயங்காலம் விடை வந்தது. வரிக்கு வரி இழை இழையாகத் தூள், முன்பைவிடப் பல மடங்கு. அந்தத் தூளுக்கு எங்கள் ஜன்னல் கண்ணாடி அப்பளம்.

காகிதத்தை எடுத்துக்கொண்டு மேனேஜரிடம் ஓடினேன். அவர் நிதானமாகப் படித்தார். கெட்ட மனிதர் இல்லை, அதையும் சொல்லிவிடுகிறேன்.

"அம்மா, திங்கக்கிழமை தகட்டுலயும் வரி இருந்துச்சு இல்ல? அதே வரைபடம்தானே?"

"அதே வரைபடம்தான் சார்."

"கண்ணாடி உடைஞ்சுதா?"

"இல்ல."

"தூள் எவ்வளவு வந்துச்சு?"

"கொஞ்சம்தான்."

"அப்போ உன் பழைய கணக்கு சரி, புதுசு தப்பு. கண்ணால பார்த்ததைவிட கம்ப்யூட்டர் பெரிசா? நீதானே எப்பவும் சொல்லுவே, சோதனைதான் கடைசித் தீர்ப்புன்னு?"

நான் சொன்னதுதான். உங்களுக்கும் அதைத்தான் சொல்லிக்கொடுத்திருப்பார்கள். நாளைக்குப் பன்னிரண்டு மணிக்குச் சோதனை, ஏழுமலை வழக்கம்போல் ஸ்டூலில் உட்காருவான், கையெழுத்தைத் திங்கட்கிழமை போட்டுக்கொள்ளலாம் என்றார் மேனேஜர்.

பஸ்ஸில் உட்கார்ந்து யோசித்தேன். புதுக் கணக்கு தப்பில்லை, அது எனக்கு நிச்சயம். சோதனையும் பொய்யில்லை, அதுவும் இப்போது நிச்சயம். அப்படியென்றால் திங்கட்கிழமை பெட்டிக்குள் போன தகடு வரைபடத்தில் இருக்கிற தகடு இல்லை. அதைப் பார்க்கலாம் என்றால் தகடே இல்லை, சிதறிப்போய்விட்டது. அதைக் கடைந்த கையை மட்டும்தான் போய்க் கேட்க முடியும்.

சனிக்கிழமை காலை நேராகச் சாத்தாங்காடு போனேன். இரும்பு மார்க்கெட்டின் பின்வரிசையில் கபீர் பாயின் லேத் பட்டறை. பட்டறை பூட்டிக் கிடந்தது; காத்திருந்தேன், பதினொன்றரைக்குத்தான் அவர் வந்து மெஷினைத் துடைக்க ஆரம்பித்தார். எங்கள் ஷெட்டுக்கு எல்லாக் கடைசலும் அவர்தான்.

"வாம்மா. தகடு எப்டி? சோக்கா இருந்துதா?"

"பாய், முதல் தகட்டை எப்படிச் செஞ்சீங்க?"

"உங்க வரைபடம் போட்டபடி."

"கடைஞ்சு அப்படியே அனுப்பிட்டீங்களா?"

பாய் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "இன்னாம்மா பேசற? மொத பீஸ். சாம்பிளு. அப்டியேவா அனுப்புவாங்க? பார்ட்டி மூஞ்சில முழிக்கப்போற பீஸ்மா அது. எமரி பேப்பர் போட்டுத் தேச்சு, அப்பால எண்ணெ போட்டு, அப்பால பனியன் துணியால தேச்சுத் தேச்சு... என் மவன் அதுல பாத்துத்தான் தலையே சீவினான். எங்க வாப்பா காலத்துலேர்ந்து மொத பீஸு அப்டித்தான் போவும். கலீஜா அனுப்புனா பட்டறைக்கு மருவாதி இன்னா?"

"மத்த தகடெல்லாம்?"

"அது வேல பீஸு. கடைஞ்சு அப்டியே குட்த்துட்டேன். ஏன், அதுவும் தேச்சிருக்கணுமா?"

பாய் மரியாதைக்குத் தேய்த்தார், நான் அவசரத்தில் பெரிய கட்டம் போட்டேன். அவர் தகட்டிலும் வரியில்லை, என் கணக்கிலும் வரியில்லை. இரண்டு தப்பும் கைகோத்துக்கொண்டு வந்து, நாங்கள்தான் சரி என்று நின்றன. நாங்கள் ஜாங்கிரி தின்றோம். இன்றைக்குப் பெட்டிக்குள் போவது தேய்க்காத வேலை பீஸ்.

மணி பதினொன்றே முக்கால். மார்க்கெட் வாசலில் பெட்டிக்கடையில் ஒரு ரூபாய் போன் இருந்தது. காசைப் போட்டு ஷெட்டுக்கு அடித்தேன். எடுத்தது ஏழுமலை.

"ஏழுமலை, நீ ஜன்னல்கிட்ட உட்காராதே. கண்ணாடி உடையும்."

"யக்கா, இன்னிக்கு இன்னா? படம் எட்க்கறதுக்கு முன்னாடியே பொய்யின்றியா?"

"உன் மேல சந்தேகம் இல்லடா. நான்தான் தப்பு. திங்கட்கிழமை தகட்டை பாய் தேய்ச்சு அனுப்பியிருக்கார். தூள் வர்றதே அந்த வரியிலேர்ந்துதான். இன்னைக்குத் தகட்டுல வரி இருக்கு. என் பேச்சைக் கேளு, உங்கம்மா மேல..."

நான் முடிப்பதற்குள் போனை வைத்துவிட்டான். மறுபடி காசு போட்டேன், மணி அடித்துக்கொண்டே இருந்தது, யாரும் எடுக்கவில்லை. ஓர் ஆட்டோவில் ஏறினேன். எதிரே துறைமுகத்துக்குப் போகிற கண்டெய்னர் லாரி வரிசை, அசைவேனா என்கிறது. ஆட்டோக்காரரிடம் கத்தினேன், அழுதேன். ஏழுமலை நம்பினானா, கோபத்தில் போனை வைத்தானா என்று தெரியாது. இரண்டு நாள் ஒருவனைத் திருடன் மாதிரி விசாரித்துவிட்டுச் சனிக்கிழமை வந்து "என்னை நம்பு" என்றால் எவன் நம்புவான்?

இதை மட்டும் நிறுத்திச் சொல்கிறேன். சந்தேகப்படுவது நம் தொழிலில் நல்ல குணம். நான் சந்தேகப்பட்டதால்தான் இந்தத் தப்பே வெளியே வந்தது. ஆனால் என் சந்தேகம் ஊரெல்லாம் சுற்றிவிட்டுக் கடைசியில்தான் என் மேஜைக்கு வந்தது. முதலிலேயே வந்திருந்தால் செவ்வாய்க்கிழமையே முடிந்திருக்கும்.

ஷெட் வாசலில் இறங்கும்போது மணி பன்னிரண்டே கால். தார்ப்பாயைக் கழற்றியிருந்தார்கள். உள்ளே ஓடினேன். மேனேஜர் ஒரு தூணைப் பிடித்துக்கொண்டு நின்றார், முகம் வெளுத்திருந்தது. ஜன்னலில் கண்ணாடி இல்லை. கேமராவின் முன்பக்கம் நொறுங்கிக் கிடந்தது. மர ஸ்டூல் கவிழ்ந்து கிடந்தது. அதன் பலகையில் கண்ணாடிச் சில்லுகள் விரல் நீளத்துக்குச் செருகி நின்றன. நான் தரையில் உட்கார்ந்துவிட்டேன்.

"யக்கா, எந்திரி. நா இங்கதான் கீறேன்." செங்கல் சுவருக்குப் பின்னாலிருந்து வந்தான் ஏழுமலை. கையில் ஒரு நீளமான சணல் கயிறு. "போன வச்சுட்டுப் போயி, தகட்ட நகத்தால வருடிப் பாத்தேன். ரம்பம் மாரி கரகரன்னுச்சு. சாரு கத்தினாரு. கயித்த ஷட்டர்ல கட்டி இங்கேர்ந்து இழுக்கறேன், இல்லாட்டி வூட்டுக்குப் போறேன்னு சொல்ட்டேன்."

அவன் சட்டையைப் பிடித்து உலுக்கினேன். கண், கன்னம், கை எல்லாம் தடவிப் பார்த்தேன். உயிர் திரும்பி வந்ததும் என் புத்தியும் கூடவே திரும்பி வந்தது, பாருங்கள். "நகத்தால தடவினா தெரியுதா? அப்போ முதல் தகடு வழுவழுன்னு இருந்தது உனக்குத் தெரிஞ்சிருக்கணுமே! நீதானே மாட்டினே! ஏண்டா சொல்லலை?" என்று கத்தினேன். அப்போதும் அவனைத்தான்.

ஏழுமலை கயிற்றை நிதானமாகச் சுற்றினான். கோபமாகக்கூடச் சொல்லவில்லை.

"தெரியும் யக்கா. மாட்டும்போது என் மூஞ்சியே அதுல தெரிஞ்சுது. தூளு கோட்லேர்ந்து வருதுன்னு எனுக்கு யாரு சொன்னா? நீ இன்னிக்கித்தான் சொன்ன. ரெண்டு நாளா என்னை நிக்க வச்சுக் கேட்ட. படத்த மாத்தினியான்னு கேட்ட. நெகட்டிவ் எங்கன்னு கேட்ட. மேனேஜரு இன்னா சொல்லித் தந்தாருன்னு கேட்ட. தகடு எப்டி இருந்துதுன்னு ஒரு வார்த்த கேட்டியா?"

கேட்கவில்லை.